மாடியில் இருந்த நிலவறை

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் என் மச்சான் மகன் போன மாதம் போன் செய்தான். அவர்கள் ஓட்டலில் ஒயின் ரசனை வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்களாம். மூன்று மணி நேர வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ், கூடவே ஒரு போட்டோ. ‘மாமா, நீங்க ஏழு வருஷம் அந்த வேலை பாத்தவரு. எங்க ஸ்டாஃபுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்க’ என்றான். மூன்று மணி நேரத்தில் முடிகிற படிப்புக்கு ஏழு வருஷம் எடுத்துக்கொண்ட மக்கு நான் என்பதை அவன் சொல்லாமல் விட்டான். நல்ல பிள்ளை.

என் பெயர் கலியபெருமாள். அடிப்படையில் நான் ஐஸ் கம்பெனி ஆள். கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருந்த ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் ஓட்டினேன். அமோனியாவில் ஓடுகிற மெஷின். ஏதாவது இணைப்பில் ஊசிமுனை அளவுக்குக் கசிந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். கசிவு கண்டுபிடிக்கக் கருவி வாங்கித் தாருங்கள் என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, ‘அதான் உன் மூக்கு இருக்கே’ என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கம்பெனி இருந்த இடத்தில் சேறும், கவிழ்ந்த படகு ஒன்றும் கிடந்தன. குப்பத்தில் எனக்குத் தெரிந்த பல பேர் இல்லை. கிண்டலாக எழுத வருகிற எனக்கு, அதைப் பற்றி எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஐம்பது வயதில் வேலை போனவனுக்கு யார் வேலை தருவார்கள்? முசே தந்தார்.

லூர்துசாமி என்பது அவர் பெயர். மஞ்சக்குப்பத்தில் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி ‘முசே’ என்றே கூப்பிடுவார்கள். பிறந்தது கடலூர். கட்டியது புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்ணை. பிறகு பிரான்சில் ஒரு தபால் ஆபீசில் முப்பது வருஷம் வேலை. ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தபோது மற்றவர்கள் டிவி, பிரிட்ஜ் கொண்டுவருவார்கள்; இவர் அறுநூற்றுச் சொச்சம் ஒயின் பாட்டில்களைக் கப்பலில் கொண்டுவந்தார், ஒவ்வொன்றுக்கும் சுங்கக் காகிதத்தோடு. பணக்காரர்கள் சேர்க்கிற சரக்கு இல்லை அது. லீவுக்கு லீவு அவரும் அவர் மனைவி மரியும் ஒரு பழைய காரில் மாகாணம் மாகாணமாகச் சுற்றி, திராட்சை விவசாயிகளின் வீட்டுக் கதவைத் தட்டி, ருசி பார்த்து ஆறும் பன்னிரண்டுமாக வாங்கியது. மரியம்மா ஊர் திரும்பும் முன்பே அங்கேயே காலமாகிவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த பாட்டில்கள் மட்டும் வந்தன.

ஒயினை நிலவறையில் வைக்க வேண்டும் என்பது பிரான்ஸ் சட்டம். கடலூர் நிலத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. முசே வீட்டுக்கு அடியில் தோண்டச் சொன்னார். எட்டடியில் தண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரி மேலே ஏறி வந்து, ‘கெணறு நல்லா வந்திருக்கு சார்’ என்று சொல்லிக் கூலியோடு வெற்றிலை பாக்கும் கேட்டாராம். அதனால் நிலவறை மாடிக்குப் போனது. மீன் வைக்கிற குளிர் அறைக்குப் போடும் பேனல்களால் ஓர் அறை, அதற்கு மேல் வெயில் படாமல் ஷீட் கூரை. அறையைப் பதினாலு டிகிரியில் நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். நான் போனேன்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி: ‘குடிப்பியா?’

‘இல்ல சார்.’

‘நல்லது. எண்ணிக்கை சரியா இருக்கும்.’

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு. அறைக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்க் காய்ந்துவிடும் என்றார். நான் ஐஸ் கம்பெனி வழக்கப்படி நாலு கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். அன்றைக்குக் கண்ணாடி நாலு நிமிஷம் துடைபட்டது. ‘கலியா, இந்த வாசனை பாட்டிலுக்குள்ள போனா, நான் இத்தினி வருஷம் சேத்தது சாக்குக் கடை’ என்றார். அப்புறம் தட்டுகளில் ஆற்று மணலைப் பரப்பி நனைத்து வைத்தோம்.

அந்த அறைக்குள்ளேயும் ஷூ போட்டு, சட்டையை இன் பண்ணித்தான் வருவார். மெதுவாகத்தான் பேசுவார். பாட்டில்கள் தூங்குகின்றனவாம். எங்கள் வீட்டில் என் பேரனைத் தூங்கவைக்கக்கூட அவ்வளவு மரியாதை காட்டியது கிடையாது.

பாட்டில் திறக்கிற முறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வகுப்புக்காரர்கள் போட்டோ எடுக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். பழைய சிவப்பு ஒயின் என்றால் முதல் நாளே எழுப்பி நிமிர்த்தி வைக்க வேண்டும், மண்டி அடியில் இறங்கும். கழுத்துக் காகிதத்தை பாட்டில் உதட்டுக்குக் கீழே வெட்ட வேண்டும். துடைக்க வேண்டும். கார்க் எடுக்கும் திருகு சரியாக நடுவில் இறங்க வேண்டும். அடியைத் துளைத்து வெளியே வரக்கூடாது. இழுக்கும்போது சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் முசே, ‘இது சோடாக் கடையா?’ என்பார். பிறகு கழுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து, வெளிச்சத்தில் பார்த்தபடியே கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே சீராக ஊற்ற வேண்டும். கழுத்தில் முதல் மண்டி தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். ஒரு நொடி பேராசைப்பட்டால் மொத்தமும் கலங்கிவிடும். கார்க்கை மூக்கில் வைத்து மோப்பம் பிடிக்கிறவனை முசேக்குப் பிடிக்காது. ‘கார்க்கு வாசனைதான் வரும். கிளாசை மோந்து பாரு’ என்பார்.

மோந்து பார்த்து, வாயில் வைத்து, ஒரு வாளியில் துப்பிவிடுவேன். துப்புவதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் கடலூர் மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். என் சம்சாரம் தனலட்சுமி இதை நம்பவில்லை. முதல் ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி ‘ஊதுங்க’ என்பாள்.

முசே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பிரெஞ்சுப் புத்தகங்களில் போட்டிருக்கிற வாசனைகளை ஒரு பக்கம் எழுதுவார். நான் சொல்வதை எதிர்ப்பக்கம். அவர்கள் ஏதேதோ கறுப்புப் பழத்தின் பெயர் சொல்வார்கள். நான் சாப்பிடாத பழத்தின் பெயரை நான் எப்படிச் சொல்வது? நாவல்பழம் என்றேன். போர்தோ மாகாணத்து ஒயினில் பென்சில் சீவின வாசனை. ரோன் பக்கத்தது மிளகு. அல்சாஸ் வெள்ளை ஒயின் ஒன்று கல்யாண வீட்டுப் பன்னீர். இன்னொன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், மண்ணெண்ணெய். ஜுரா என்று ஒரு மலை மாகாணம். அங்கே மஞ்சளாக ஒரு ஒயின், ஆறு வருஷத்துக்கு மேல் பீப்பாயில் கிடந்தது. மோந்தவுடன், ‘முசே, வெந்தயக் குழம்பு’ என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். சரி, வேலை போச்சு என்று நினைத்தேன். துடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு, ‘இத்தினி வருஷமா இது என்னா வாசனை, என்னா வாசனைன்னு நானும் மரியும் மண்டைய ஒடச்சிக்கிட்டோம்’ என்றார். அன்று எனக்கு ஒரு காபி அவர் கையால் கிடைத்தது. சுமாரான காபி.

2006. ஊரே சிக்குன்குனியாவில் படுத்த வருஷம். முசேக்கும் காய்ச்சல், கூடவே மார்பை அடைக்கிற சளி. சிதம்பரத்திலிருந்து அவருடைய சிநேகிதர் டாக்டர் சம்பந்தம் வந்து பார்த்தார். மூன்று வாரத்தில் எழுந்துவிட்டார். நாலாவது வாரம் ஒரு பாட்டில் திறந்தோம். கிளாசை மோந்து, கண்ணை மூடி, ‘அருமை’ என்றார். எனக்கு நனைந்த கோணி வாசனை அடித்தது. கெட்ட கார்க்கினால் வருகிற கோளாறு அது, முசே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி அருமை என்றால் அருமை. அதே சமயம் கீழே சமையல்கார அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில் நிற்கிறவனுக்கு எச்சில் ஊறும். முசே கேட்டார்: ‘இன்னிக்கு சமையல் இன்னும் ஆரம்பிக்கலியா?’

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

‘எத்தினி நாளா முசே?’

‘காய்ச்சல்ல போனது. வரலை.’ கதவைச் சாத்திவிட்டு, ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்றார்.

சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை அவர் வீட்டுக்கு ரசிகர்கள் வருவார்களே, அவர்களை என்ன செய்வது? கெமிக்கல் பேக்டரி மேனேஜர், ஒரு வக்கீல், டாக்டர் சம்பந்தம். எல்லாரும் முசே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரசிப்பார்கள். அவர் புருவம் ஏறினால் ‘ஆகா’. இறங்கினால் ‘நானும் அதேதான் நெனச்சேன்’. ஆகவே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் முதலில் ருசி பார்ப்பேன். துண்டு என் இடது தோளில் இருந்தால் ஒயின் நல்லது, வலது தோளில் இருந்தால் கெட்டது. கருத்தை முந்தைய நாளே நோட்டில் படித்து வைத்துக்கொள்வார். மூன்று வருஷம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மேனேஜர் ஒரு தடவை, ‘பிரான்ஸ்ல சர்வர்லாம் துண்ட இப்டிதான் மாத்தி மாத்திப் போடுவாங்களா?’ என்று கேட்டார். ‘மாகாணத்துக்கு மாகாணம் மாறும்’ என்றார் முசே.

2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் சம்பந்தம் சிதம்பரத்தில் தன் வீட்டில் விருந்து வைத்தார். கீழ வீதிக்குப் பின்னால் பெரிய வீடு, சுத்த சைவம். புதுச்சேரியில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் அழைத்திருந்தார். சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு, நடுவில் ஒரு போர்தோ பாட்டில். அந்த வெள்ளைக்காரர் கொத்சுவை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கே இருந்தவர்களில் விஷயம் தெரிந்த ஆள் அவர்தான்.

‘இருவது வருஷமா பொக்கிஷம் மாதிரி வச்சிருக்கேன் முசே’ என்றார் டாக்டர்.

‘எங்க வச்சிருந்தீங்க?’

‘பிரிட்ஜுக்கு மேல. நிமிர்த்தி. எல்லார் கண்ணுலயும் படணும்ல!’

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திறந்தேன். ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணீர். துண்டு வலது தோளுக்குப் போனது. விருந்தாளிகள் டாக்டரின் முகத்தைப் பார்த்து ‘ஆகா, ஆகா’ என்றார்கள். வெள்ளைக்காரர் மரியாதையாகச் சாதத்தைப் பார்த்தார். முசே நினைத்திருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவருக்கு அது முடியாது.

‘டாக்டர், வருத்தப்படாதீங்க. இது செத்துப்போச்சு’ என்றார்.

டாக்டர் முகம் சுருங்கியது. அத்தனை பேர் எதிரில். அவர் கண் என் துண்டுக்குப் போனது, முசே முகத்துக்குப் போனது, மறுபடி துண்டுக்கு வந்தது. காய்ச்சலைப் பார்த்த டாக்டர் அவர்தானே. சாப்பாடு ருசிக்கவில்லை என்று முசே சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ‘கலியபெருமாள், சமையல்கட்டுல போயி கொஞ்சம் ஐஸ் எடுத்தாப்பா’ என்றார். போனேன். கதவிடுக்கில் பார்த்தால், உள்ளறையிலிருந்து அவரே ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினைக் கொண்டுவந்து முசே முன்னால் வைக்கிறார்.

‘அது செத்துப்போச்சு, சரி. இது எந்த மாகாணம்? நீங்கதான் சொல்லணும்.’

முசே கிளாசைச் சுழற்றினார். மூக்கருகில் கொண்டுபோனார். எனக்குக் கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நான் அந்த அறைக்குள் போனால் அவர் மாட்டிக்கொண்டார் என்று ஆகிவிடும். போகாவிட்டாலும் அதேதான். மறுபடி மோந்தார். கிளாசை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம். அந்தத் தடவை தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

‘டாக்டர், எனக்கு மூணு வருஷமா வாசனை தெரியாது’ என்றார், எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில். ‘என் மூக்கு உங்க சமையல்கட்டுல நிக்குது. கூப்புடுங்க.’

நான் வந்தேன். முசே எழுந்து, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ‘உக்காரு கலியா.’ நாலு வருஷத்தில் அந்த ஆட்களோடு நான் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிளாசை மோந்தேன். சர்க்கரைப் பாகு. இருமல் மருந்து.

‘சொல்லு. எந்த மாகாணம்?’ என்றார் டாக்டர்.

‘பிரான்ஸ்ல எந்த ஊருன்னு எனக்குப் புடிபடல சார். நம்ம ஊர்ல கேட்டீங்கன்னா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற கடை.’

வெள்ளைக்காரர் என்ன விஷயம் என்று இங்கிலீஷில் கேட்டார். டாக்டரே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

காரில் திரும்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் முசே, ‘இனிமே துண்டு வாணாம்’ என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் முசே வீட்டு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, ரசிகர்கள்தான் வரவில்லை. மூக்கில்லாதவரிடம் ஒயின் ரசிக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை போலும். டாக்டரும் இரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். நான் மோந்து சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே குடிப்பார்.

2011 கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. ஒரு தென்னை எங்கள் ஜெனரேட்டர் கொட்டகை மேல் படுத்தது. மாடியில் ஷீட் கூரை பறந்துபோய், பேனல் ஒன்று பிளந்துவிட்டது. ஊரில் ஒரு கம்பம் நிற்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் லைன்மேனே சிரித்தார். அடுத்த நாளிலிருந்து நல்ல வெயில் வேறு. பதினாலில் இருந்த அறை மூன்றாம் நாள் இருபத்தாறு.

அந்த மூன்றாம் நாள் காலை, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஒரு மினி லாரி வந்து நின்றது. டாக்டர் சம்பந்தம் இறங்கினார். பின்னால் அவர் கிளினிக் ஜெனரேட்டர். முசேயைப் பார்க்காமல் என்னிடம், ‘ரூம் எத்தினி டிகிரி?’ என்றார்.

‘இருவத்தாறு சார்.’

‘சீக்கிரம் மாட்டு.’ அப்புறம்தான் முசே பக்கம் திரும்பினார். ‘அன்னிக்கி நான் செஞ்சது...’

‘அந்த போர்தோ நெஜமாவே செத்துத்தான் இருந்துது’ என்றார் முசே. அவர்களுடைய சமாதானப் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

நான் ஒயரை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது முசே வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார். தெருவில் குடங்களோடு பெண்கள். மூன்று நாளாக ஒரு வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் சத்தம் போடும் முன்பே அது வந்த செய்தி தெருக்கோடி வரை போயிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நின்றார்கள்.

‘கலியா, கீழ எறங்கு’ என்றார். ‘நம்ம போர் மோட்டார்ல மாட்டு.’

‘முசே, ரூமு இன்னிக்கே முப்பதத் தொடும்.’

‘தெரியும்.’

‘ஒரு மணி நேரம் தண்ணிக்கு, மிச்சம் ரூமுக்குன்னு வச்சிக்கலாமே?’

‘ஒயினு எனக்கு ஒருத்தனுக்கு. அதுவும் பாதி ஒனக்கு. மாட்டு.’

முதலில் எங்கள் போர். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. ஜெனரேட்டர் தெருவைச் சுற்றிக்கொண்டே இருந்தது, மாடிக்கு வரவே இல்லை. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் வராத வக்கீல்கூட வாளியோடு வந்தார். ‘கலெக்சன் எப்டி இருக்கு?’ என்று அக்கறையாக விசாரித்துவிட்டு இரண்டு வாளி கூடுதலாகப் பிடித்துப் போனார். டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு டீசல் ஊற்றினார்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்த லைன்மேன்கள் பத்தொன்பதாம் நாள் எங்கள் தெருவுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். வேலை முடிந்த சாயங்காலம் முசே அவர்களுக்கு ஒரு நல்ல ரோன் பாட்டிலைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். ஒருவர் குடித்துவிட்டு, ‘புளிக்குது சார். சோடா இருக்கா?’ என்றார். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் விருந்தாளி ஒருவர் சொன்ன முதல் உண்மை.

மாடி அறையில் முப்பத்திநாலு டிகிரி. நிறைய பாட்டில்களில் கார்க் வெளியே தள்ளி, கழுத்தில் ஒயின் வழிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஜுரா மஞ்சளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்சாஸில் பாதி தேறியது. கெட்டதைக் கெட்டது என்று சொன்னேன். முசே நோட்டில் கோடு போட்டு அடித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரான்சில் இருக்கும் மகள் வந்து ஏப்ரலில் அவரைக் கூட்டிப்போவதாக முடிவாகியிருந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம், அவர் ஒரு பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். புர்கோஞ் மாகாணத்துச் சிவப்பு, ஒன்றே ஒன்றுதான். மரியம்மா ஒரு மழை நாளில், விவசாயி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. கடலூரில் வீடு கட்டி முடித்ததும் திறக்கலாம் என்று சொல்லி வைத்தாராம். வீடு கட்டி முடிந்தது. முசேக்குத் திறக்க மனம் வரவில்லை.

மெழுகுவர்த்தி வைத்து ஊற்றினேன். ஊற்றும்போதே தெரிந்தது. மோந்தேன். பேரீச்சம்பழத்தைக் கொதிக்கவைத்து மறந்துபோன பாத்திரம். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

முசே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ‘சொல்லு’ என்றார்.

ஏழு வருஷம் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒயின் முழுக்க என் வாயிலிருந்து வந்ததுதான். நான் சொன்னால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

‘நல்லா இருக்கு முசே. மொத மழ பேஞ்ச மண்ணு. காளான். அடியில கொஞ்சம் ரோசாப்பூ, காஞ்சது.’

கிளாசை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். விழுங்கினார். கண்ணைத் திறக்கவில்லை.

‘கலியா, எனக்கு மூக்குதான் போச்சு. நாக்கு போவல.’

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணாடிக்குக் கை போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. கிளாசை என் பக்கம் நீட்டினார்.

‘அந்த அடுப்படியில அப்டித்தான் இருந்துது. காளான், மழ மண்ணு எல்லாம். மரியும் ரோசாப்பூன்னுதான் சொன்னா’ என்றார். ‘இன்னும் கொஞ்சம் ஊத்து. ஊத்திட்டு, மொதல்லேந்து இன்னொரு வாட்டி சொல்லு.’

ஊற்றினேன். சொன்னேன்.